அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு

1941-ஆம் வருஷம் ஜூலை மாதம் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிஷம். மலையாள மிதுன மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. முதல் நாள் பிற்பகல் மூன்றரைக்குப் பிடித்த மழை பத்தொன்பது மணி நேரமாக விடவில்லை. ஆய்வுக்கூடத்தின் ஓட்டுக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. இரண்டுக்கும் கீழே இரண்டு பேசின் வைத்திருந்தோம். வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, நுண்ணோக்கியின் மேல் குனிந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மனத்துக்குள் எண்ண ஆரம்பித்தேன். இருநூற்று நாற்பது வரை எண்ணினேன். நாலு நிமிஷம் ஒரு மனிதர் ஒன்றும் சொல்லாமல் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

"எங்கே?" என்றார் நிமிராமலே. "எனக்கு மேகம்தான் தெரியுது."

அங்கே மேகம்தான் தெரியும் என்று எனக்கு அன்று காலை ஆறரை மணிக்கே தெரிந்திருந்தது.

அவர் பார்க்க வந்தது இரத்தச் சிவப்பணுவின் சவ்வை. சிவப்பணு என்பது, எளிதாகச் சொன்னால், மெல்லிய தோலுக்குள் அடைத்த சாயம். சரியான உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை ஒழுங்காக இருக்கும். உப்பைக் குறைத்துக்கொண்டே போனால் தண்ணீரைக் குடித்து ஊதும். பாதிக்கும் கீழே போனால் ஓரிடத்தில் பிளந்து, சாயம் வெளியேறிவிடும். மிஞ்சுவது வெறும் தோல், மூச்சுவிட்ட கண்ணாடியில் விரலால் போட்ட வட்டம்போல. நான் படித்த புத்தகங்களில் கதை அதோடு முடிந்தது. கிழிந்த பை கிழிந்ததுதான்.

1941 மார்ச்சில் அது அப்படியில்லை என்று கண்டேன். உப்பைத் திரும்பக் கொடுத்ததும் அந்த வெறுந்தோல்களில் சில சுருங்கின. ஓட்டைப் பை சுருங்காது. உள்ளேயும் வெளியேயும் ஒரே தண்ணீர் அல்லவா? சுருங்குகிறது என்றால் ஓட்டை அடைபட்டிருக்கிறது. தோல் தன்னைத் தானே மூடிக்கொள்கிறது. முதல் நாள் எண்ணிய நாற்பதில் பதினொன்று. மறுநாள் நாற்பதில் பதின்மூன்று. அதற்கடுத்த நாள் பன்னிரண்டு. இந்த எண்கள் எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கரையான் முதல் பதினாறு பக்கங்களைத்தான் தின்றது.

அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் உயிர்வேதியியலுக்கு என்று ஓர் ஆள், ஒரு மேஜை, ஒரு நுண்ணோக்கி, இவ்வளவுதான். காலை பத்து முதல் இரண்டு வரை ஆஸ்பத்திரியிலிருந்து வரும் சிறுநீர், சர்க்கரை, உப்பு. இரண்டுக்குப் பிறகுதான் என் வேலை. மழைக்காலத்தில் மூன்றரைக்கே இருட்டிவிடும். ஒரு நாளைக்கு எனக்குக் கிடைத்தது ஒன்றரை மணி. யாரோடும் பேசவும் முடியாது. சவ்வைப் பற்றிக் கேட்டுத் தலையாட்ட அந்த ஊரில் இன்னோர் ஆள் இல்லை. ஆகவே மார்ச் முடிவில் அந்தப் பேராசிரியருக்கு ஆறு பக்கம் எழுதினேன். அவர் ஆறு வரி எழுதினார். ஜூலையில் பரீட்சை விஷயமாகத் திருவனந்தபுரம் வருகிறேன், காட்டும், என் கண்ணால் பார்த்தால் இங்கே உமக்கு ஓர் இடம் உண்டு. அங்கே நாலு நுண்ணோக்கி இருந்தன. முழு நாளும் அதே வேலை. அந்தக் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாளே அவள் ட்ரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்துவிட்டாள்.

அவள் அந்த வேலையில் பாதிப் பங்காளி என்றே சொல்லவேண்டும். அணு ஓடிவிடாமல் அதன்மேல் தண்ணீரை மட்டும் மாற்ற நான் ஒரு வழி செய்திருந்தேன். ஸ்லைடுக்கும் மேலே மூடும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு பட்டு இழை வைத்தால் மயிரிழையைவிடக் குறைந்த சந்து கிடைக்கும். ஒரு விளிம்பில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர், எதிர் விளிம்பில் மை ஒற்றும் தாள். தாள் உறிஞ்ச உறிஞ்சத் தண்ணீர் மாறும். அணு இருந்த இடத்திலேயே இருக்கும். இழை அவளுடைய கல்யாணப் புடவையிலிருந்து.

"ஊர்ல இத்தனை பட்டு இருக்கச்சே என்னோட கூறைப்புடவையைத்தான் பிரிக்கணுமாக்கும்?"

"ரெண்டு இழைதானே."

"ரெண்டு ரெண்டா எடுத்து முந்தாணி நாலு விரக்கடை குறைஞ்சாச்சு. அளந்து பாருங்கோ. அளக்கறதுதான் பிடிக்குமே."

அளந்தேன். மூன்று விரற்கடை.

இரத்தம் இரண்டு வகை. கண்ணால் பார்க்க என் விரல் போதும். கட்டை விரல்களை விட்டு எட்டு விரலிலும் முறைவைத்துக் குத்திக்கொள்வேன். தோலிலுள்ள கொழுப்பை எடை போட நிறைய வேண்டும். அதற்குப் பாளையம் சந்தையிலிருந்து மருந்துக் குப்பியில் ஆட்டு இரத்தம் வரும். அக்ரஹாரத்தில் இருந்துகொண்டு ஆட்டு இரத்தம் தொடும் ஆள் நான் ஒருவன்தான். சாயங்காலம் கொல்லைப்புறக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து முதல் கேள்வி, "ஏன்னா, இன்னிக்கு விரலா, ஆடா?" விரல் என்றால் கால் கழுவிக்கொண்டு உள்ளே வரலாம். ஆடு என்றால் கிணற்றடியில் முழு ஸ்நானம். அந்த வருஷம் ஜனவரி முதல் ஜூன் வரை எழுபத்தொரு ஸ்நானம். எனக்குச் சளி பிடித்தது அதனால்தான்; மழையால் அல்ல.

இனி லென்ஸ். நுண்ணோக்கியின் மூக்கில் மூன்று லென்ஸ்கள். மூன்றாவதன் பெயரே அதன் அளவு: அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பெரிய உருப்பெருக்கம் அதில்தான். வெறுந்தோலைக் காட்டக்கூடியது அது ஒன்றுதான். அதற்கும் ஸ்லைடுக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது; ஒரு சொட்டு எண்ணெய் நிற்க வேண்டும், ஒளியைக் கண்ணாடி வளைக்கும் அதே அளவுக்கு வளைக்கிற எண்ணெய். அதற்கென்று சீமையிலிருந்து வரும் தேவதாரு எண்ணெய் யுத்தத்தால் நின்றுபோயிற்று. குப்பியைக் கவிழ்த்துவைத்துச் சொட்டு எண்ணிச் செலவழித்தேன். மார்ச் 27-ஆம் தேதி கடைசிச் சொட்டு.

வேறு எண்ணெய் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆமணக்கெண்ணெய் ஒளியைக் கண்ணாடியைவிடக் குறைவாக வளைக்கும். கிராம்பு எண்ணெய் கொஞ்சம் அதிகமாக வளைக்கும். இரண்டையும் கலந்து, ஒரு கண்ணாடிக் குச்சியை அதில் விடவேண்டும். சரியான கலவை வந்தால் குச்சி கண்ணுக்கு மறைந்துவிடும். ஏப்ரல் இரண்டாம் தேதி, பதினேழாவது கலவையில் குச்சி மறைந்தது. எண்ணெய்க்கு மேலே நீட்டியிருந்த பகுதி மட்டும் காற்றில் தொங்குவதுபோல் நின்றது. நான் கூடத்தில் தனியாக ஒருமுறை கை தட்டினேன்.

கிராம்பு எண்ணெய் சாலை பஜாரில், திருநெல்வேலிக்காரர் ஒருவருடைய மருந்துச் சரக்குக் கடையில் வாங்குவேன். மூன்று வாரத்துக்கு ஓர் அவுன்ஸ்.

"சாமிக்குப் பல்வலியோ?" என்றார் முதல் தடவை.

மூன்றாவது தடவை, "வீட்ல எத்தன பேரு சாமி, எல்லாருக்குமா பல்வலி?" என்றார்.

ஐந்தாவது தடவை கடையில் இருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். "ஏல, இங்க பாரு. சாமிக்கு வாயில இன்னும் பல்லு மிச்சம் இருக்கு!" அவர்கள் சிரித்தார்கள். குப்பியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "சாமி, இத வார்னிஷ் போட்ட அலமாரில மட்டும் வைக்காதீய. சிந்திச்சுன்னா வார்னிஷ உரிச்சிரும். எங்க கல்லாப்பெட்டியப் பாத்தீயள்லா?" என்று காட்டினார். கல்லாப்பெட்டியின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மரம் வெளுத்துக் கிடந்தது. பார்த்தேன். பாக்கிச் சக்கரக் காசுகளை இரண்டு முறை எண்ணிக்கொண்டு வந்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

மே மாதக் கடைசியில் லென்ஸ் மங்க ஆரம்பித்தது. எங்கள் கூடத்துப் பியூன், என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர், என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சாரே, இது பூப்பலாக்கும். மழை துடங்கியில்லே? என்றெ பொஞ்சாதி முண்டுப் பெட்டி முழுக்கப் பூத்துப்போச்சு. மழை நின்னா செரியாவும்."

திருவனந்தபுரத்தில் எது கெட்டாலும் மழைதான் காரணம். செருப்பு பூத்தால் மழை, புத்தகம் வீங்கினால் மழை, கூட்டத்துக்கு ஆள் வராவிட்டால் மழை. நானும் நம்பினேன். லென்ஸைக் கழற்றி, ஈரம் இழுக்கச் சுண்ணாம்புக் கல் போட்ட பிஸ்கட் டின்னில் ராத்திரி வைத்தேன், காலையில் எடுத்தேன், அதே எண்ணெயை மறுபடியும் விட்டேன். இப்படி முப்பத்தெட்டு நாள்.

ஜூலை எட்டாம் தேதி காலை ஆறரைக்கே கூடத்துக்குப் போய் அதைக் கழற்றி, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதன் உள்ளே பார்த்தேன். பூஞ்சணம் இல்லை. ஒட்டியிருந்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மஞ்சளாக, பெரணி இலைபோல் கிளைத்து ஏதோ புகுந்திருந்தது. பித்தளையை மூக்கருகே கொண்டுபோனேன். கிராம்பு மணத்தது.

லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டுவது ஒரு மரப்பிசின். நாங்கள் ஸ்லைடு ஒட்டுவதும் அதே பிசினால்தான். பழைய ஸ்லைடைப் பிரிக்க அந்தப் பிசினைக் கரைக்க வேண்டும். அதற்கு என் மேஜையின் இடது இழுப்பறையில் எட்டு வருஷமாக ஒரு குப்பி வைத்திருந்தேன். அதன் சீட்டில் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: கிராம்பு எண்ணெய். வலது கையால் அதையே சொட்டுச் சொட்டாக லென்ஸின் வாயில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒளி வளையும் அளவை மூன்று தசம ஸ்தானத்துக்குக் கணக்குப் போட்டவனுக்கு இது தோன்றவில்லை. கடைக்காரர் கல்லாப்பெட்டியைக் காட்டியும் தோன்றவில்லை.

பேராசிரியர் நிமிர்ந்து தம் மூக்குக் கண்ணாடிக்காகக் கையை நீட்டினார்.

"லென்ஸுக்கு என்ன ஆச்சு?"

"மழை சார்" என்றேன்.

வாயிலிருந்து அது வந்துவிட்டது. மூலையில் நின்ற பியூன் நல்லெண்ணத்தில், "ஆமாம் சாரே, பூப்பல்" என்றார்.

"இங்கே எத்தனை மாசம் மழை?"

"இடவப்பாதி, அப்புறம் துலாவர்ஷம். ரெண்டும் சேர்ந்து ஆறு மாசம் சார்."

"அப்ப லென்ஸ் எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"கொஞ்ச நாளா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "வருஷா வருஷம் இந்த ஈரத்துலதான் இது இருக்கு. அப்ப மார்ச்சுல நீங்க பார்த்தீங்களே, தோல் சுருங்குதுன்னு. அதுவும் இந்த மேகம்தானே?"

இல்லை என்று சொல்ல ஒரே வழிதான் இருந்தது. மார்ச்சில் லென்ஸ் பளிங்காக இருந்தது, நான் கண்டது நிஜம், ஏப்ரலுக்குப் பிறகு என் கையாலேயே அதைக் கெடுத்தேன் என்று சொல்ல வேண்டும். பேசினில் மழைச்சொட்டு விழும் சத்தம் பதினொன்று எண்ணினேன்.

"இருக்கலாம் சார்" என்றேன்.

அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். "போகட்டும். மங்கல் லென்ஸ் எல்லாரையும் ஏமாத்தும். ஆனா அந்தப் பட்டு இழை இருக்கே, அது யார் யோசனை? நல்ல யோசனை. எங்க ஆளுங்களுக்கு வரலை. அதுக்காகவே உங்களை எடுத்துக்கறேன். இங்கே சார்ஜை ஒப்படைச்சுட்டு ஒரு மாசத்துல வந்து சேருங்க."

இடம் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு நடந்தே போனேன்; கரமனை வரை குடையை விரிக்கவில்லை என்பது வீட்டு வாசலில்தான் தெரிந்தது. "விரலா, ஆடா?" என்று கேட்டவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் துண்டு கொண்டுவந்தாள்.

சார்ஜை ஒப்படைப்பது என்றால் சாமான் பதிவேட்டை ஒப்படைப்பது. ஒவ்வொரு சாமானும் நல்ல நிலையில் இருப்பதாக நான் ஒரு கையெழுத்து, வாங்குகிறவர் பார்த்துவிட்டு ஒரு கையெழுத்து. லென்ஸ் கெட்டிருந்தால் காரணம் எழுத வேண்டும். மழை என்று எழுதினால் கல்கத்தாவுக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். அங்கே ஒரு நிமிஷம் முகர்ந்தால் போதும். விலையைப் பிடித்துக்கொள்வார்கள், பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் காரணம் என் பணிப்புத்தகத்தில் ஏறும், அந்தப் புத்தகம் எனக்கு முன்னால் வடக்கே போய்ச் சேரும். அவர் அதைப் படிப்பார். மழை என்று நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். அதோடு, மார்ச்சில் கண்டது நிஜம் என்பதும் தெரியும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியமும் ஒரே கெட்ட காரியமும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்டில் அவர் எழுதினார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று பதில் போட்டேன். அக்டோபரில் எழுதினார். குடும்ப நிலைமை என்று போட்டேன். ஜனவரியில் வந்த கார்டில் இரண்டு வரி: இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார், வருந்துகிறேன். என் மனைவி ட்ரங்குப் பெட்டியைத் தானே பரண்மேல் ஏற்றினாள். "அம்மாவுக்கு என்ன உடம்பு? நேத்து ரெண்டு வேளை அடையைத் தின்னாளே" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

பிறகு சவ்வைக் கண்ணால் பார்ப்பதை விட்டேன். பார்க்க முடியாததை எடை போட்டேன். ஆட்டு இரத்தத்தின் தோல்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து, தட்டில் தண்ணீர் விட்டு, அதன்மேல் வாசனைப் பொடி தூவி, கொழுப்புக் கரைசலில் ஒரு சொட்டு விடுவேன். பொடி வட்டமாக விலகும். அந்த வட்டத்தை அளந்தால், அத்தனை அணுக்களின் மேற்பரப்பையும் அந்தக் கொழுப்பு இரண்டு அடுக்காக மூடும் என்று கணக்கு வரும். இது முன்பே மற்றவர்கள் கண்டு சொன்னது. நான் சரிபார்த்தேன். இரண்டே இரண்டு கட்டுரை எழுதினேன். இரண்டிலும் புதிதாக எதுவும் இல்லை.

ஒவ்வொரு கர்க்கடகத்திலும், அதாவது ஆடியில், வருஷக் கணக்கு முடிக்கக் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு குமாஸ்தா வருவார். அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே எனக்குச் சோறு இறங்காது. அவர் பெட்டியைத் திறந்து, காதிலிருந்து பென்சிலை எடுத்து, பித்தளையை ஒவ்வொன்றாகத் தொடுவார். "ஸ்டாண்டு ஒண்ணு. லென்ஸ் மூணு. பெட்டி ஒண்ணு, சாவி ரெண்டு. எண்ணம் செரி. ஒப்பு போடுங்கோ சாரே." எண்ணிக்கையைத்தான் அவர் எண்ணம் என்பார். நல்ல நிலையில் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அப்படி ஏழு கையெழுத்து. ஒவ்வொன்றும் முந்தையதை உண்மையாக்கப் போட்டது. ஒவ்வொரு தடவையும் இந்த வருஷம் இவர் குனிந்து பார்ப்பார் என்றே நினைத்தேன்.

1948-இல், எட்டாவது கணக்குக்கு முன்பு, என்னைக் குடிநீர்ப் பரிசோதனைக்கு மாற்றி உத்தரவு வந்தது. இந்த முறை மறுக்க வழியில்லை. பம்பாயில் பழைய கருவிகள் விற்கும் ஒருவருக்கு அதே லென்ஸ் கேட்டுத் தந்தி அடித்தேன். காதுக் கடுக்கனைக் கழற்றிச் சாலை பஜாரில் விற்றேன்.

"காது மூளியா இருக்கே?" என்றாள் அவள்.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி ஆயிற்று. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது; இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"இதை அவர்கிட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பார்?" என்றாள் கடைசியில்.

"தெரியாது."

"சிரிச்சிருப்பார்" என்றாள். எழுந்துபோய்ப் பாலை இறக்கினாள்.

லென்ஸ் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி வந்தது. கூடவே சிறு குப்பியில் தேவதாரு எண்ணெய். எனக்கு இரண்டு நாள் இருந்தது. அவள் கேட்காமலே முந்தானையிலிருந்து இரண்டு இழை உருவிக் கொடுத்தாள். இடது மோதிர விரலைக் குத்தினேன். உப்பைக் குறைத்தேன், தோல்கள் வெறுமையாயின. உப்பைக் கொடுத்தேன். நாற்பது எண்ணினேன். பன்னிரண்டு சுருங்கின. மறுபடியும் நாற்பது. பதினொன்று. நோட்டில் எழுதினேன். அதைக் கூப்பிட்டுக் காட்ட அறையில் யாரும் இல்லை. அந்தப் பேராசிரியர் முந்தின வருஷமே ஓய்வு பெற்றுப் போயிருந்தார், எங்கே என்று எனக்குத் தெரியாது. லென்ஸைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை, என் இடத்துக்கு வந்தவரிடம் ஒப்படைத்தேன். அவர் பெட்டியைத் திறந்தார். "ஸ்டாண்டு ஒண்ணு, லென்ஸ் மூணு" என்று விரலால் எண்ணினார். மூடினார். கையெழுத்துப் போட்டார்.

"பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"எண்ணம் சரியா இருக்கே சார்" என்றார்.

கெட்டுப்போன லென்ஸை அவர் கையில் கொடுத்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். 1941-லும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அந்தக் கெட்ட லென்ஸ் இப்போது இதை எழுதும் மேஜைமேல் இருக்கிறது; மணம் போய்விட்டது. லென்ஸ் நூற்றறுபத்தைந்து ரூபாய். தபால் ஒரு ரூபாய் பதினாலணா. தந்தி பதின்மூன்றணா. கிராம்பு எண்ணெய் ஐந்து அவுன்ஸ், ஏழு சக்கரம் வீதம் முப்பத்தைந்து சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்று மாற்றினால் ஒரு ரூபாய் மூன்றணா எட்டு பை. ஆக மொத்தம் நூற்றறுபத்தெட்டு ரூபாய், பதினாலணா, எட்டு பை. ஏழு வருஷம், ஒரு மாதம், நாலு நாள்.